'மேட் ரஷ்' பியானோ இசையில் பௌத்தம் எங்கே இருக்கிறது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பியானோத் தேர்வில் கிரேடு 5 முடித்துவிட்டு வீட்டில் தனியாகப் பயிற்சி செய்துவருகிறீர்கள். அமெரிக்க இசையமைப்பாளர் பிலிப் கிளாஸ் எழுதிய 'மேட் ரஷ்' என்ற பியானோ இசை உங்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அது தலாய் லாமாவின் வருகைக்கு இசைக்கப்பட்ட பௌத்தத் தியான இசை என்று எங்கோ படித்திருக்கிறீர்கள். ஆனால் தலைதெறிக்க ஓடுவது என்று பொருள்படும் தலைப்பும், நடுநடுவே வெடித்துக் கிளம்பும் வேகமும் தியானத்தோடு ஒட்டவில்லையே என்று குழம்புகிறீர்கள். கடைசி வரியில், "நாலு கார்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பதற்குத் தியானம் என்று பெயர் வைத்துவிட்டார்களோ" என்றும் எழுதியிருக்கிறீர்கள் (கார்டு என்பது ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டம்). உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது. இந்த இசைக்குள் பௌத்தம் என்று சொல்லத்தக்கது ஏதேனும் உண்டா, அல்லது அது வெளியிலிருந்து ஒட்டிய சீட்டா என்பதே நீங்கள் கேட்பது. முப்பது ஆண்டுகளாகப் பியானோ கற்றுக்கொடுப்பவன், இந்தப் படைப்பைப் பலமுறை வாசித்தவன் என்ற தகுதியில் இதற்குப் பதில் சொல்கிறேன். பௌத்தத்தில் நான் பயிற்சி பெற்றவன் அல்லன், வாசகன் மட்டுமே. அந்தப் பக்கம் நான் சொல்வதைச் சற்றுக் குறைத்தே எடைபோடுங்கள்.

முதலில் உறுதியானவை. 'மேட் ரஷ்' 1979-ல் பியானோவுக்காக அல்ல, ஆர்கனுக்காக எழுதப்பட்டது. திபெத்திலிருந்து 1959-ல் வெளியேறிய தலாய் லாமா, இருபது ஆண்டுகள் கழித்து 1979-ல்தான் முதன்முதலாக அமெரிக்கா சென்றார். நியூயார்க்கில் செயின்ட் ஜான் தி டிவைன் பேராலயத்தில் அவர் வருகையை ஒட்டி இந்த இசை ஒலித்தது. இதில் நான் மிகவும் முக்கியமாகக் கருதுவது பெரும்பாலோர் ஒரு வரியில் கடந்துபோகும் தகவல் ஒன்றை: தலாய் லாமா எத்தனை மணிக்கு உள்ளே நுழைவார் என்பது நிச்சயமில்லாமல் இருந்ததால், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நீட்டிக்கக்கூடிய இசை தேவைப்பட்டது. ஐந்து நிமிடத்தில் வந்தாலும் அரைமணி நேரம் தாமதித்தாலும் அது அறுந்து தொங்கக் கூடாது. ஆகவே பகுதிகளைத் திரும்பத் திரும்ப இசைத்துக்கொண்டே போகலாம் என்ற அமைப்பு, ஒரு தத்துவத்திலிருந்து மட்டும் பிறந்ததன்று. வாசலைப் பார்த்துக்கொண்டே வாசிக்க வேண்டியிருந்த நடைமுறையிலிருந்தும் பிறந்தது. நம் கோயில்களில் புறப்பாடு தாமதமாகும்போது நாதஸ்வரக்காரர் மல்லாரியை இழுத்துப்பிடித்து நிறுத்திவைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. பின்னர் கிளாஸ் இதைப் பியானோவில் தானே வாசித்து 1989-ல் வெளிவந்த தனிப் பியானோ ஒலித்தட்டில் சேர்த்தார். அதில் அது ஏறக்குறைய பதினான்கு நிமிடம் ஓடுகிறது. நீங்கள் கேட்டது அநேகமாக அந்தப் பதிவாகவோ அதன் வழிவந்த ஒன்றாகவோ இருக்கும்.

எழுதியவருக்குப் பௌத்தத்தோடு இருந்த உறவும் ஐயமற்றது. 1937-ல் பால்டிமோரில் பிறந்த கிளாஸ், பாரிஸில் இசை ஆசிரியை நாடியா பூலான்ஷேயிடம் பயின்ற காலத்தில், ஒரு திரைப்பட இசைக்காக சிதார் கலைஞர் ரவிசங்கருக்கு உதவியாளராக அமர்ந்தார். ரவிசங்கர் பாடிக்காட்டுவதை மேற்கத்தியக் கலைஞர்கள் படித்து வாசிக்கும்படி தாளில் எழுதித் தருவது அவர் வேலை. கிளாஸ் தாளத்தைப் பிரிக்கும் கோடுகள் போட்டு எழுதிக் கொடுத்ததை வாசித்தபோது அழுத்தம் தவறான இடத்தில் விழுந்தது. பக்கத்தில் இருந்த தபலா மேதை அல்லா ரக்கா, எல்லாச் சுரமும் சமம் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தாராம். என்ன செய்வதென்று தெரியாமல் கிளாஸ் கோடுகளை எல்லாம் அழித்துவிட்டுப் பார்த்தபோது, இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து நகரும் சுரக்கூட்டங்கள் கண்ணுக்குத் தெரிந்தன. சிறுவயதில் இரண்டாண்டு மிருதங்கம் கற்றவன் என்ற முறையில், இந்தக் கதையைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, பெருமையும் வந்தது. அதன்பின் 1966–67-ல் தரைவழியாக இந்தியா வந்த கிளாஸ், கலிம்போங் பகுதியில் திபெத்திய அகதிகளையும் லாமாக்களையும் சந்தித்தார். அந்தத் தொடர்பு விட்டுப்போகவே இல்லை. 1987-ல் நியூயார்க்கில், திபெத்தியப் பண்பாட்டைக் காப்பதற்கான திபெத் ஹவுஸ் அமைப்பைத் தொடங்கிய மூவரில் அவர் ஒருவர். தலாய் லாமாவின் இளமையைச் சொல்லும் 'குந்துன்' திரைப்படத்துக்கு 1997-ல் அவர்தான் இசை.

ஆனால் இங்கேயே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். கிளாஸ் தம்மை ஒற்றைப் பெயருக்குள் அடைத்துக்கொண்டவர் அல்லர். யூதக் குடும்பத்தில் பிறந்து, தாவோயிசம், இந்து மரபு, மெக்சிகோவின் தோல்டெக் மரபு, பௌத்தம் எல்லாவற்றையும் தம் அடையாளமாகச் சேர்த்துச் சொல்லிக்கொண்டவர். 'மேட் ரஷ்' எழுதிய அதே காலகட்டத்தில்தான் காந்தியின் தென்னாப்பிரிக்கப் போராட்டத்தைப் பற்றிய 'சத்தியாகிரகா' என்ற ஓபராவையும் (இசை நாடகம்) எழுதினார். அதில் பாடப்படுவது பகவத் கீதையின் சம்ஸ்கிருத வரிகள். இரண்டு படைப்புகளின் இசைமொழியும் நெருங்கியதுதான். ஆகவே ஒன்றைக் கேட்டுப் பௌத்தம் என்றும் மற்றொன்றைக் கேட்டுக் கீதை என்றும் காதால் மட்டும் பிரித்துச் சொல்லிவிட முடியும் என்று எவரேனும் சொன்னால் நான் நம்பமாட்டேன். சுரங்களுக்கு மதம் கிடையாது. சிறு இசைத்துணுக்குகளைத் திரும்பத் திரும்ப வைத்துக் கட்டும் இத்தகைய இசைக்கு வழங்கும் 'மினிமலிசம்' என்ற சொல்லைக்கூட கிளாஸ் விரும்பியதில்லை. திரும்பத் திரும்ப வரும் அமைப்புகளைக் கொண்ட இசை என்றே தம் இசையைச் சொல்லிவந்தார்.

இனி உங்களைக் குழப்பிய வேகப் பகுதிக்கு வருகிறேன். படைப்பின் உடல் எளிமையானது. தொட்டில் ஆடுவதுபோன்ற மென்மையான பகுதி ஒன்று வருகிறது. அது அடங்குவதற்குள் இரண்டு கைகளும் ஆர்பெஜியோக்களை (கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வாசிப்பது) மழைபோல் கொட்டும் உரத்த பகுதி ஒன்று பாய்கிறது. மீண்டும் மென்மை, மீண்டும் வெள்ளம். பின்பாதியில் வேறொரு பகுதி சேர்ந்துகொள்ள, கடைசியில் எல்லாம் மெலிந்து முடிகிறது. நிகழ்ச்சிக் குறிப்புகளில் இதற்கு அடிக்கடி ஒரு விளக்கம் தரப்படுகிறது: திபெத்தியப் பௌத்தத்தின் சாந்தத் தெய்வங்களும் உக்கிரத் தெய்வங்களும் மாறி மாறித் தோன்றுவதே இந்த இரண்டு பகுதிகள். திபெத்திய மரபில் அப்படி ஒரு தொகுதி உண்டு என்பது உறுதி. சாந்த வடிவில் 42, உக்கிர வடிவில் 58, ஆக 100 தெய்வங்கள். இறப்புக்கும் அடுத்த பிறப்புக்கும் இடைப்பட்ட நிலையில் முதலில் சாந்த வடிவங்களும் பிறகு உக்கிர வடிவங்களும் தோன்றும் என்றும், இரண்டுமே தன் மனத்தின் தோற்றங்கள் என்று அறிந்துகொள்பவர் விடுபடுவார் என்றும் அந்த மரபு சொல்கிறது. விளக்கம் இசைக்குப் பொருந்துகிறதா என்றால், நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் ஸ்கோரில் (இசை எழுதிய தாளில்) இருப்பவை சுரங்களும் திரும்பச் சொல்லும் குறிகளும்தான். தெய்வங்களை அறியாமல் அதை வாசிக்கலாம், நன்றாகவும் வாசிக்கலாம். எனவே அதைப் படைப்பைத் திறக்கும் ஒரே சாவியாக எண்ணாமல், பொருத்தமான ஒரு வாசிப்பு என்ற அளவில் வைத்துக்கொள்வதே சரி.

அந்த வாசிப்பு எனக்குப் புத்தகத்திலிருந்து விளங்கியதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் கர்நாடகத்தில் பைலகுப்பே சென்றிருந்தேன். மைசூருக்கு மேற்கே குடகை நோக்கிப் போகும் வழியில் உள்ள திபெத்தியக் குடியிருப்பு அது. நம்ட்ரோலிங் மடாலயத்தின் பெரிய கூடத்தில் பூசை நடந்துகொண்டிருந்தது. துறவிகள் அடித்தொண்டையில் ஓதிக்கொண்டிருந்தார்கள். கண்ணை மூடினால் தேனீக்கூட்டுக்குள் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. என் பக்கத்தில் ஒரு சின்னப் பையன், துறவி உடையில், தூக்கத்தில் தலை சாய்ந்துகொண்டிருந்தான். திடீரென்று தாளங்கள் மோத, தோல்முரசு அதிர, தரையில் ஊன்றி வைத்திருந்த ஆளுயரத்துக்கும் மேலான எக்காளங்கள் இரண்டு சேர்ந்து முழங்கின. பையன் துள்ளி எழுந்து, ஒன்றும் நடக்காததுபோல் ஓதலில் சேர்ந்துகொண்டான். என் விலா எலும்பு அதிர்ந்தது. பத்து, பதினைந்து நொடிகளில் எல்லாம் நின்று மறுபடி அந்த முணுமுணுப்பு. 'மேட் ரஷ்' இசையின் இரண்டாம் பகுதி ஏன் அவ்வளவு உரக்க எழுதப்பட்டிருக்கிறது என்று அதுவரை நான் மாணவர்களுக்குச் சொல்லிவந்த பதில்கள் எல்லாம் அன்றோடு மாறின. கிளாஸ் இதை மனத்தில் வைத்துத்தான் எழுதினார் என்று நான் வாதிடவில்லை. பௌத்த இசை என்றாலே மெல்லிசை என்ற எண்ணம் தவறு என்பதற்கு அந்தக் கூடம் எனக்குப் போதுமான சான்று.

அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் குழப்பத்தின் வேர் அதில்தான் இருக்கிறது. மெதுவான பியானோ, நிறைய பெடல் (காலால் அழுத்தி ஒலியை நீட்டிப்பது), பின்னணியில் நீரோசை, அட்டைப்படத்தில் தாமரை என்று இணையத்தில் கிடைப்பது தூக்கத்துக்கான இசை. அது கெட்டதல்ல, நானும் கேட்பதுண்டு. ஆனால் அதற்குப் பௌத்தம் எந்த விதத்திலும் பொறுப்பாகாது. இலங்கை, தாய்லாந்து போன்ற நாடுகளில் வழங்கும் தேரவாத பௌத்த மரபில் துறவிகளும், உபோசதம் எனும் நோன்பு நாள்களில் எட்டு ஒழுக்கங்களை ஏற்கும் இல்லறத்தாரும், ஆடல் பாடல் வாத்தியத்திலிருந்து விலகியிருப்பதாகவே உறுதி எடுக்கிறார்கள். அந்தக் கண்ணோட்டத்தில் தியானத்துக்கான பியானோ இசை என்ற சொற்சேர்க்கையே விசித்திரமானது. திபெத்திய மரபோ சடங்கில் வாத்தியத்தை நிறையப் பயன்படுத்துகிறது, ஆனால் ஆளை அமைதிப்படுத்துவதற்காக மட்டுமன்று. இரண்டு மரபுக்கும் நடுவில், இரண்டையும் சாராமல், நம் காலத்து ஓய்விசைச் சந்தை நிற்கிறது.

இப்படித் தவறாகச் சீட்டு ஒட்டப்பட்ட இன்னொரு படைப்பையும் சொன்னால் தெளிவாகும். அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1948-ல் எழுதிய 'இன் எ லேண்ட்ஸ்கேப்', இரண்டு பெடலையும் கடைசிவரை அழுத்திப் பிடித்தபடி வாசிக்க வேண்டிய மென்மையான இசை. ஜென் (ஜப்பானியப் பௌத்த மரபு ஒன்று) இசைத் தொகுப்புகளில் அடிக்கடி காணப்படுவது. கேஜ் பிற்காலத்தில் ஜென்னில் ஆழ்ந்தவர் என்பது உண்மை. ஆனால் ஜென் அறிஞர் டி.டி. சுசுகியின் கொலம்பியா பல்கலைக்கழக வகுப்புகளில் அவர் அமர்ந்தது 1950-களின் தொடக்கத்தில். 1948-ல் அவர் மூழ்கியிருந்தது பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சத்தீயின் இசையிலும் இந்தியச் சிந்தனையிலும். குறிப்பாக, கொழும்பில் பிறந்த கலை அறிஞர் ஆனந்த குமாரசாமியின் நூல்கள் வழியாக நவரசங்களை அறிந்து, கம்பிகளுக்கிடையே திருகாணியும் ரப்பரும் செருகிய பியானோவுக்காக 16 சொனாட்டாக்களும் 4 இடைப்பகுதிகளும் அடங்கிய தொகுதி ஒன்றை 1946–48-ல் எழுதினார். எல்லா ரசங்களும் சாந்தத்தை நோக்கி நகர்வதே அதன் கருத்து. ஓர் இசை எந்த ஆண்டில் எழுதப்பட்டது, எழுதியவர் அப்போது என்ன படித்துக்கொண்டிருந்தார் என்று பார்த்தாலே பல சீட்டுகள் தாமாக உரிந்துவிடும். அந்தச் சோதனையில் கேஜின் அந்தப் படைப்பு தோற்கிறது, 'மேட் ரஷ்' தேறுகிறது.

இப்போது "நாலு கார்டைத் திரும்பத் திரும்ப" என்ற உங்கள் வரி. கேட்பவராக நீங்கள் சொல்வது நியாயம். வாசிப்பவராக உட்கார்ந்து பாருங்கள், வேறு ஏதோ நடக்கும். முதல் பகுதியில் ஒரு கையில் இரண்டு, மறுகையில் மூன்று என்ற கணக்கு ஓடுகிறது. தாளம் தட்டும் கருவியான மெட்ரனோமை வைத்துக்கொண்டு எண்ணினால் மூளை சூடாகும். என் மாணவர்களுக்கு நான் சொல்வது இது: முதலில் பியானோவை விட்டுவிட்டுத் தொடையில் ஒரு கையால் 'தகிட', மறுகையால் 'தக' தட்டுங்கள், இரண்டும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் வந்து சேர வேண்டும். மிருதங்கம் கற்ற பிள்ளைகள் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். பியானோ மட்டும் கற்றவர்களுக்கு ஒரு வாரம் ஆகிறது. அது கைவந்த பிறகு ஒரு விசித்திரம் நிகழ்கிறது. மூன்றைக் கவனித்தால் இசை ஒரு வேகத்தில் போவதாகத் தோன்றும். அதையே இரண்டாகக் கவனித்தால் வேகம் குறைந்ததுபோல் இருக்கும். விரல் எதையும் மாற்றவில்லை, கவனம் மட்டும்தான் இடம் மாறியிருக்கிறது. ஒரு வட்டத்திலிருந்து அடுத்த வட்டத்துக்குப் போகும்போதும் பல இடங்களில் ஒன்றிரண்டு சுரங்களே நகர்கின்றன, மற்றவை அப்படியே நிற்கின்றன. அந்த ஒரு சுரம் நகர்வதைக் காது எதிர்பார்த்துக் காத்திருக்கப் பழகிவிட்டால், நீங்கள் சொல்லும் அலுப்பு போய்விடும்.

போகாத நாளும் உண்டு. திரும்பச் சொல்ல வேண்டிய எண்ணிக்கையைத் தவறவிடுவதுதான் இந்தப் படைப்பின் பெரிய கண்ணி. ஒருமுறை சிறிய அரங்கு ஒன்றில் இதை வாசித்துக்கொண்டிருந்தேன். மென்மையான பகுதி மூன்றாம் முறை திரும்பி வரும்போது, கீழே நிறுத்திய வண்டிக்குச் சாவி போட்டேனா என்று ஒரு நினைப்பு வந்தது. எத்தனையாவது சுற்றில் இருக்கிறேன் என்று தெரியவில்லை. ஒன்றைக் குறைத்துவிட்டு வேகப் பகுதிக்குத் தாவினேன். கேட்டவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஸ்கோரை மடியில் வைத்துப் பின்தொடர்ந்த பதினோரு வயது மாணவி மட்டும் முடிந்ததும் வந்து, "சார், ஒரு ரிப்பீட் விட்டுட்டீங்க" என்றாள். அன்றிலிருந்து பயிற்சியின்போது ஸ்டாண்டில் புளியங்கொட்டைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொரு முழுப் பகுதி முடிந்து கை சற்று ஓயும் இடத்தில் ஒன்றை நகர்த்தும் பழக்கம் எனக்கு வந்தது. மனம் எங்கே போயிற்று என்பதைக் கண்டுபிடித்து, திட்டாமல் அழைத்து வருவதுதான் தியானப் பயிற்சி என்று படித்திருக்கிறேன். அந்த அளவுகோலில் வைத்தால் இது கேட்பவருக்கு எப்படியோ, வாசிப்பவருக்குத் தியானத்துக்கு மிக அருகில் உள்ள வேலை. அருகில் என்றுதான் சொல்கிறேன். விரல் வலியையும் கைதட்டலையும் எதிர்பார்த்துச் செய்யும் ஒன்றைத் தியானம் என்றே சொல்லிவிட எனக்குத் துணிவில்லை. அதை முறையாகப் பயின்றவர்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே சீட்டா சரக்கா என்ற கேள்விக்கு என் தீர்ப்பு இதுதான். பௌத்தம் இந்த இசையின் ஒலியில் இல்லை. அது பிறந்த தருணத்திலும், எழுதியவரின் நெடுநாள் தொடர்பிலும், வாசிப்பவரிடம் அது கேட்கும் கவனத்திலும் இருக்கிறது. தலைப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அமைதியான பகுதிக்கு மட்டும் தலைப்புத் தேடியதால் அது பொருந்தாமல் தோன்றியிருக்கிறது. இரண்டு பகுதிகளையும் சேர்த்துப் பார்த்தால் அந்தத் தலைதெறிக்கும் ஓட்டமும் உள்ளேயே இருக்கிறது.

கிரேடு 5 முடித்தவர் வாசிக்கலாமா என்றும் ஓரமாகக் கேட்டிருந்தீர்கள். மென்மையான பகுதியை இப்போதே தொடங்கலாம். வேகப் பகுதிக்கு இன்னும் ஓராண்டாவது பொறுங்கள். அதில் சுரங்கள் கடினமில்லை, நீளம்தான் கடினம். முன்கை இறுகத் தொடங்கிய பிறகும் பிடிவாதமாக வாசித்துத் தசைநார் வீங்கிய மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். எரிச்சல் தொடங்கிய அந்த நொடியில் நிறுத்துவது பயிற்சியின் ஒரு பகுதி. பெடல் விஷயத்திலும் கவனம் தேவை. ஆர்கனில் கட்டையை அழுத்தியிருக்கும்வரை ஒலி நிற்கும், பேராலயத்தின் எதிரொலியும் அதைத் தாங்கிப் பிடித்திருக்கும். பியானோவிலோ தட்டிய கணத்திலிருந்து ஒலி தேய்கிறது. அந்தக் குறையை ஈடுகட்டுவதாக நினைத்துப் பலர் பெடலை அழுத்தியே வைத்து எல்லாவற்றையும் கூழாக்கிவிடுகிறார்கள். கார்டு மாறும் இடத்தில் மட்டும் பெடலை எடுத்து, புதிய சுரம் விழுந்த பிறகு மறுபடி அழுத்துங்கள். உங்களிடம் இருப்பது கீபோர்டு என்று எழுதியிருக்கிறீர்கள். அதனுடன் வரும் சின்னச் சதுரப் பெடல் தரையில் வழுக்கிக்கொண்டே போகும், அடியில் ஒரு ரப்பர் விரிப்பைப் போட்டுக்கொள்ளுங்கள்.